சோப்பு வைத்து அடைத்த கடல்

பெண் வீட்டுக்காரர்கள் வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் கல்யாணமாகாத பையன்கள் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்வார்கள். புத்தி உள்ளவன் சுவருக்கு வெள்ளையடிப்பான். புத்தி இல்லாதவன், அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எதையாவது பிரித்துப் போட்டு இன்னும் நன்றாக ஓடவைக்கப் பார்ப்பான். நான் பிரித்துப் போட்டது ஒரு கடலை. (தின்கிற கடலை இல்லை சாமி, உப்புத் தண்ணீர்க் கடலை.)

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் நானும் அம்மாவும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில் எனக்குக் கிளார்க் வேலை. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரர், தூக்கிக்கொண்டு போக முடியாத காரணத்தால், தன் பவளத் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். உயிருள்ள பவளங்கள், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், நீலமாக ஒன்று, கல்லுக்கு அடியிலேயே குடியிருந்த ஒரு இறால். ஆபீஸில் என்னை யாரும் மதித்ததில்லை. அந்தத் தொட்டிக்கு முன்னால் நான் சமுத்திர ராஜன்.

அதே கல்லூரியின் நூலகத்தில் சுகந்தி வேலை பார்த்தாள். எப்படிக் காதல் வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம், அவள் இப்போது இதைப் படித்துவிட்டு "அப்படி நடக்கவே இல்ல" என்பாள். விஷயம் என்னவென்றால், அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். குடும்பம் மொத்தத்துக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை.

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெண்ணைக் காதலிப்பது பெரிய பாவம். நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தே காதலித்திருந்தாலும் ஊர் நம்பாது. பாஸ்போர்ட்டில் இருக்கிற போட்டோவைப் பார்த்துத்தான் மயங்கினான் என்று சொல்லும். அப்படிக் கட்டிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்ததால் ஊரையும் குறை சொல்ல முடியாது.

"அப்பா இன்னா சொல்றாரு தெரியுமா?" என்றாள் சுகந்தி ஒருநாள். "அவனுக்கு வேண்டியது நீ இல்ல, பாரிஸ் ஏர்போர்ட்டுன்றாரு."

"நான் ஏர்போர்ட்டையே பாத்தது இல்லியே."

"அதான் பாக்க ஆசைப்படறான்றாரு."

கடைசியில் அவள் சாப்பிடாமல் இருந்து, அழுது, ஒருவழியாக அவர் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார். வீட்டைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதில் பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் சுகந்தியை அடுத்த மாதமே பாரிஸில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். என்ன கேள்வி என்று அவளுக்கும் தெரியாது. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பிரெஞ்சில் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று கண்ணாடி முன்னால் நின்று "ஜ மாப்பெல் குமார்" என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். (என் பெயர் குமார் என்று அர்த்தம். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.)

சுகந்தி ஒரு துப்புக் கொடுத்தாள். அவர் வேலை பார்த்த ரெயூனியன் தீவில் கடலுக்குள் மூழ்கிப் பவளம் பார்த்திருக்கிறார். சிரிக்காத மனிதர் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரிப்பாராம். போதாதா எனக்கு? அந்தக் கடலையே ஹாலில் வைத்துக் காட்டி மனுஷனைக் கவிழ்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் தொட்டியைப் பார்த்தால் கண்ணாடி எல்லாம் பச்சை வழவழப்பு. துடைத்தால் மறுநாள் மறுபடி வரும்.

பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்கு ரெஃபுஜியம் அறிமுகமானது. பெரிய விஷயமில்லை. பெரிய தொட்டியோடு குழாயால் இணைத்த, தனியாக ஒரு சின்னத் தொட்டி. அதில் கடற்பாசியும் சேறும் போட்டு விளக்குப் போட்டு வைத்தால், பெரிய தொட்டியில் சேருகிற அழுக்கை அந்தப் பாசி தின்று வளரும். மீன்களுக்குப் பயந்து ஒளிகிற பொடிப் பூச்சிகள் அங்கே நிம்மதியாகக் குட்டி போடும். கண்ணாடி பளபளக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் நான் பிரின்ட் எடுக்கவில்லை.

பாசிக்காக மொபெட்டில் கனகசெட்டிக்குளம் வரைக்கும் போனேன். ஊருக்குள் இருக்கிற கடல் சாக்கடை கலந்தது, அங்கேதான் தண்ணீர் சுத்தம். இடுப்பளவு நீரில் நான் பாசி பொறுக்குவதைப் பார்த்து, வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னா தம்பி, பாசி எதுக்கு?"

"மீனுக்குண்ணே. தனியா ஒரு தொட்டி கட்டி, அதுல போடணும்."

"மீனுக்குத்தான் கடல் கீதே."

பாசி, ஒரு டப்பா சேறு, நாலு பெரிய கேன் நிறையக் கடல் தண்ணீர், எல்லாவற்றையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கனகசெட்டிக்குளம் புதுச்சேரியைச் சேர்ந்தது, எங்கள் வீடும் புதுச்சேரி, நடுவில் மட்டும் சாலை கொஞ்ச தூரம் தமிழ்நாட்டுக்குள் போய் வரும். புதுச்சேரியிலிருந்து மலிவு சரக்கு உள்ளே வந்துவிடாமல் பார்க்க அங்கே போலீஸ் நிற்கும். கேன் கட்டிக்கொண்டு, நனைந்த பேன்ட்டோடு, திருட்டு முழி முழித்துக்கொண்டு போகிறவனை அவர்கள் விடுவார்களா?

"கேன்ல இன்னா?"

"கடல் தண்ணி சார்."

அந்த ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். சந்தேகம் தீரவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டார். அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஏண்டா, உப்பா இருக்குது?"

"கடல் தண்ணி சார்."

"அதான் சொன்னியே," என்று காறித் துப்பிவிட்டு, "இத இன்னாடா பண்ணுவ?" என்றார். மீனுக்கு என்றேன். கல்யாணம் ஆச்சா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றேன். அவர் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்து, போ என்று கைகாட்டினார்.

அடுத்த பிரச்னை, சின்னத் தொட்டியை எங்கே வைப்பது? பெரிய தொட்டி நின்ற ஹாலில் அதற்குப் பக்கத்தில் இரும்பு பீரோ. பீரோவின் தலையில் வைத்தேன். அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பீரோ மேல தண்ணித் தொட்டி வெக்கறவன் ஒலகத்துல உண்டாடா? உள்ள என் பட்டுப்புடவ கீது."

"இது ரெஃபுஜியம்மா. அதுங்களுக்குத் தனி எடம். கீழேர்ந்து மோட்டார் தண்ணிய மேல ஏத்தும். பாசி அழுக்கைத் தின்னும். சுத்தமான தண்ணி இன்னொரு பைப்புல தானா கீழ வந்துரும்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "கல்யாணத்துக்கு முன்னாலயே தனிக்குடித்தனம் வெக்கிற. மீன வெச்சு எனக்குச் சொல்லிக் காட்டறியா?" என்று கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். அதைச் சமாதானம் செய்யவே ஒரு சாயங்காலம் போயிற்று.

இந்த இடத்தில் ஓட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிற குழாயின் நுனி, மேல்தொட்டியின் அடிவரை முங்கி இருந்தது. மோட்டார் நின்றுபோனால், மேலே இருக்கிற தண்ணீர் அதே குழாய் வழியே தானாகக் கீழே இறங்க ஆரம்பித்துவிடும். மொபெட்டிலிருந்து டியூப் போட்டுப் பெட்ரோல் இறக்குகிறோமே, அதே கதைதான். அதைத் தடுக்க, தண்ணீர் மட்டத்துக்கு மேலே குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். மோட்டார் நின்றதும் ஓட்டை காற்றை இழுக்கும், தண்ணீர் இறங்குவது நின்றுவிடும். பிரவுசிங் சென்டர் பிரின்டில் இருந்த இந்த நுட்பத்தை, ஊசியைக் காய்ச்சி நானே செய்தேன். மனசுக்குள் எனக்கு நானே டாக்டர் பட்டம் கொடுத்துக்கொண்டேன். மோட்டார் ஓடும்போது அந்த ஓட்டையிலிருந்து மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்சிச் சுவரில் பட்டு, பீரோ ஓரமாக ஒரு கோடாக வழிந்தது. அது ஒரு பெரிய குறையாக எனக்குப் படவில்லை. என் ஒருவனுக்குத்தான் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். பார்வையாக இருக்கட்டும் என்று பெரிய தொட்டியில் விளிம்பு தட்டத் தட்டத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். (அப்படி ஊற்றாதே என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.) வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுகந்தியின் அப்பா கோவிந்தராசு சாரும், பாரிஸிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய அக்காவும் இறங்கினார்கள். சுகந்தியின் அம்மா மூத்த மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார், சுகந்தி வரக்கூடாது, அது முறை இல்லை. நான் வாசலுக்கு ஓடினேன்.

கோவிந்தராசு சார் நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார். இஸ்திரி மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும். ஷூவைக் கழற்றி இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தார். அக்கா நல்ல அரக்குப் பட்டில் வந்திருந்தார். அம்மா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து "வாங்கண்ணே, வாங்கக்கா" என்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு திருப்தி இருந்ததை நான் கவனித்தேன். காபி நன்றாக வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டியைப் பார்த்ததும் மனுஷன் நின்றுவிட்டார். குனிந்து மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி பார்த்தார். "தியேன்," என்று ஆச்சரியப்பட்டு, "ரெயூனியன்ல இதே மாதிரி ஒண்ணு, கல்லு சந்துல இருந்திச்சு," என்று என் பக்கம் திரும்பினார். அவர் சிரித்தார். நான் கல்யாண மண்டபமே பார்த்துவிட்டேன்.

அக்காதான் குறுக்கே வந்தார். "அழகாத்தான் கீது. நாளைக்கு பாரிஸுக்கு வந்துட்டா இத இன்னா பண்ணுவீங்க தம்பி?"

வலை விரிக்கிறார் என்று புரிந்தது. பதிலுக்கு வாயைத் திறந்தேன், கரண்ட் போயிற்று. எங்கள் ஊரில் கரண்ட் போவது அபூர்வம், அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அது போவதற்கு இந்த நிமிஷத்தைப் பார்த்து வைத்திருந்தது. ஆனால் நான் அசரவில்லை. இது என் ஓட்டையின் பெருமையைச் சொல்லக் கிடைத்த சந்தர்ப்பம் இல்லையா? தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"பாருங்க சார், இப்ப மோட்டார் நின்னுடுச்சு. தெரியாதவன் வீடா இருந்தா மேல கீற தண்ணி பூரா கீழ வந்துரும். நான் கொழாயில ஓட்டை போட்டு வெச்சிருக்கேன். அதுல காத்து பூந்து—"

"தம்பி," என்றார் அக்கா.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. காத்து பூந்துச்சுன்னா ஒரு சொட்டு கூட—"

"தம்பி, கால் நனையுது."

திரும்பிப் பார்த்தேன். பெரிய தொட்டியின் நாலு பக்கமும் தண்ணீர் அமைதியாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேல்தொட்டியில் இருந்ததெல்லாம் குழாய் வழியே கீழே வந்துகொண்டிருந்தது, அதோடு நான் பெருமையாகக் குடிவைத்த பொடிப் பூச்சிகளும் வந்தன. தரையில் அவை துள்ளின. அக்கா, பாரிஸில் எத்தனை வருஷம் இருந்தாரோ, "இன்னாமோ நெளியுதுடா கோவிந்து" என்று சுத்தப் பாண்டித் தமிழில் அலறி சோபாமேல் ஏறி நின்றுகொண்டார்.

நான் ஸ்டூலைப் போட்டு பீரோ உயரத்துக்கு ஏறினேன். குழாயில் என் ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் நீலமாக ஏதோ அப்பியிருந்தது. மேலே ஒரு கந்தல் துணி வேறு இறுக்கிக் கட்டியிருந்தது.

"அம்மா, இது இன்னா?"

"சோப்பு."

"சோப்பா?"

"ஒழுகிச்சுடா. அவங்க ஆட்டோ சத்தம் கேட்டுச்சு, சொவரெல்லாம் ஈரம். சம்பந்தம் பேச வர்ற நேரத்துல வீட்டுல தண்ணி ஒழுகினா வெளங்குமா? கொடம் ஒழுகினா துணி சோப்பத்தான் அடைப்போம். நல்லா நிக்கிது பாரு, ஒரு சொட்டு வரல."

அந்தத் திருப்திக்குக் காரணம் காபி இல்லை. நான் துணியை அவிழ்க்கக் கை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

அக்கா சோபாமேல் நின்றபடி "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கைதட்டினார். பாவம், அவருக்குத் தெரியாது. மோட்டார் கொடுத்த வேகத்தில் சோப்பு கரைந்து தொட்டிக்குள் போயிற்று. தொட்டியின் ஓரத்தில் ஸ்கிம்மர் என்று ஒரு குழல் இருந்தது. தண்ணீரில் பொடிக் குமிழிகளை விட்டு, அழுக்கை நுரையாக்கி, மேலே ஒரு கிண்ணத்தில் சேர்ப்பது அதன் வேலை. நாள் பூராவும் மெனக்கெட்டால் ஒரு டம்ளர் நுரை எடுக்கும். அதனிடம் போய்ச் சோப்புத் தண்ணீரைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதன் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை அது அனுபவித்ததில்லை. கிண்ணத்தின் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு நுரை பொங்கியது. தொட்டிமேல் பரவி, மேஜைமேல் இறங்கி, டீப்பாயில் இருந்த முறுக்குத் தட்டை மூடிக்கொண்டு ஹாலில் நடந்தது. அம்மா காபி டம்ளர்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள்.

நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தபோது என் கண்ணில் வேறு யாரும் படவில்லை. சோப்புத் தண்ணீரில் இருந்தால் மீன்கள் செத்துவிடும். "என் மீனு, என் மீனு" என்று முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். பார்த்தால் கோவிந்தராசு சார், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார்.

"நல்ல கடல் தண்ணி வேற கீதா?"

"சமையல்கட்டுல, ரெண்டு கேனு."

"அண்டா கொண்டாங்கம்மா. வித், வித்," என்றார். சீக்கிரம் என்று அர்த்தம் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. பட்டாளம் கண்முன்னால் வந்துவிட்டது. அம்மா பெரிய அண்டாவை இழுத்து வந்தாள். அக்காவை சோபாவிலிருந்து இறக்கி வாளி கொடுத்தார், அவர் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மொண்டு மொண்டு வாசலில் ஊற்றினார். நான் வலையால் துரத்தினேன். கோவிந்தராசு சார் கையாலேயே ஒரு கோமாளி மீனைப் பிடித்து அண்டாவில் விட்டார். பவளக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, குழந்தையை இறக்குவது போல இறக்கினார். மீசையில் நுரை. எனக்கு அவரைச் சார் என்று கூப்பிடவேண்டும் என்பதே மறந்துவிட்டது.

"மாமா, அந்தாண்ட புடிங்க, அந்தாண்ட."

அப்போதுதான் அவர் கேட்டார். குனிந்தபடியே, தலையைத் தூக்காமல்.

"தம்பி, உன்ன ஒரே ஒரு கேள்வி கேக்கணும்னு வந்தேன். சுகந்தியக் கட்டுனா பிரான்ஸுக்கு எப்ப போவ?"

இதற்காக எத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன். பணிவாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீல மீன் அப்போதுதான் கல்லுக்குப் பின்னால் போயிற்று. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அட இன்னா மாமா நீங்க, இந்த நேரத்துல போயி பிரான்ஸு கீன்ஸுன்னுட்டு. நான் போயிட்டா இதுங்களுக்கு உங்க அப்பாவா வந்து தீனி போடுவாரு? தெனம் தண்ணி பாக்கணும். இதால விழுப்புரத்துல சித்தப்பா மவ கல்யாணத்துக்கே நான் போகல. நீங்க கைய எடுங்க, மீனு பயப்படுது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது காதில் விழுந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று, சுகந்தி விமானம் ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். நீல மீன் தானாகவே வந்து என் வலைக்குள் புகுந்தது. அதைக்கூட நான் அண்டாவில் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோவிந்தராசு சார் நிமிர்ந்தார். அக்காவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, சோப்பு வழிகிற புடவையோடு விழுந்து விழுந்து சிரித்தார். "இவனா பாஸ்போர்ட்டுக்கு அலையறவன்? விழுப்புரமே போவ மாட்டேன்றான்," என்றார். கோவிந்தராசு சாரும் சிரித்தார். "மீன அண்டாவுல விடு மாப்ள," என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நுரை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு அதை எல்லாரும் நம்பினார்கள்.

மீன்கள் நாலைந்து நாள் அண்டாவிலேயே இருந்து பிழைத்துக்கொண்டன. பவளத்தில் பாதி போயிற்று, அதற்காக நான் உண்மையிலேயே துக்கப்பட்டேன். கல்லுக்கு அடியில் இருந்த இறாலைச் சாகும்வரை யாரும் பார்க்கவில்லை, அதனால் அது எப்போது செத்தது என்று தெரியாது. ரெஃபுஜியத்தைக் கழற்றி மாடியில் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் தனிக்குடித்தனம் என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அம்மா அதை என் தாய்ப்பாசம் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிரான்ஸுக்கு நான் இன்னும் போகவில்லை. மாமனார்தான் தினம் காலையில் நடந்து வந்து தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

பெண் வீட்டிலிருந்து வந்த கல்யாண வரிசைத் தட்டுகளில், பழம், வெற்றிலைபாக்கு, பட்டு எல்லாவற்றுக்கும் நடுவில், தங்கக் காகிதம் சுற்றி ஒரு நீலத் துணி சோப்பு இருந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு தீபாவளிச் சீரிலும் அது தவறாமல் வருகிறது. மாமனார் மறந்தாலும் பாரிஸ் அத்தை போன் போட்டு ஞாபகப்படுத்துகிறார்.

போன தீபாவளிக்கு அந்தச் சோப்பைப் பார்த்து எல்லாரும் சிரித்தபோது, எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. "ஓட்டைய நீ அடைக்காம உட்டிருந்தா அன்னிக்கு ஒண்ணுமே ஆயிருக்காதும்மா," என்றேன்.

அம்மா சோப்பை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அதத்தான் நானும் சொல்றேன். ஒண்ணும் ஆயிருக்காது. அவரு காபி குடிச்சிருப்பாரு, கேள்வி கேட்டிருப்பாரு, நீ ஜ மாப்பெல் குமார்னு சொல்லியிருப்ப. இந்தப் பொண்ணு இன்னிக்கு பாரிஸ்ல இருந்திருக்கும்."

சுகந்தி மாமியாரிடமிருந்து சோப்பை வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்தாள். நான் மீனுக்குத் தீனி போடப் போய்விட்டேன்.